கொமிக்ஸ் எடிட்டர் என்னதான் செய்கிறார்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

உவர்மலையிலிருந்து ஒரு மாணவி: அக்கா, கதை எழுத ஒருவர், படம் வரைய ஒருவர் இருக்கிறார்கள். எடிட்டருக்கு என்ன வேலை?

அந்த இருவரையும் சேர்த்துவைப்பதே அவர்தான், தங்கச்சி. பக்கங்கள் நாள் தவறாமல் அச்சுக்குப் போவதும் அவர் பொறுப்பு. போன மாதம் பிள்ளைகளுக்காக ஒரு படக்கதையைத் தமிழாக்கினேன். படத்தில் ஒருவன் கதவை உதைக்கிறான். நானோ பேச்சுக்குமிழுக்குள் "கதவை உடைக்கப் போகிறேன், பார்!" என்று எழுதி, எழுத்தையும் நெருக்கியிருந்தேன். படம் சொன்னதை வசனம் எதற்குத் திரும்பச் சொல்ல வேண்டும்? அழித்துவிட்டு "விலகு!" என்று போட்டேன். பக்கத்துக்கு மூச்சு வந்தது.

கிண்ணியாவிலிருந்து: அமெரிக்க கொமிக்ஸ் எடிட்டர் கரென் பேர்கரை அடிக்கடி புகழ்கிறீர்கள். அவர் சின்ன வயதிலிருந்தே கொமிக்ஸ் பைத்தியமா?

இல்லை. ஆங்கில இலக்கியமும் கலை வரலாறும் படித்தவர். 1979இல் டி.சி. கொமிக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். சூப்பர் ஹீரோக்களில் பெரிய பிடிப்பு இல்லாததால்தான் வேறு மாதிரிக் கதைகளைத் தேடினார் என்று நினைக்கிறேன். பிரிட்டிஷ் எழுத்தாளர் அலன் மூர் எழுதிய 'ஸ்வாம்ப் திங்' தொடருக்கு எடிட்டரானார். அப்புறம் பிரிட்டனுக்கே போய்ப் புது எழுத்தாளர்களைப் பிடித்தார். அப்படி வந்த நீல் கெய்மனின் 'சாண்ட்மான்' தொடர் 1989இல் தொடங்கியது. 1993இல் வளர்ந்தவர்களுக்கான 'வேர்ட்டிகோ' பிரிவைத் தொடங்கி, 2013 வரை நடத்தினார்.

எனக்கு ஆகப் பிடித்தது 1996இல் நடந்தது. 75 இதழோடு 'சாண்ட்மான்' கதை முடிகிறது என்றார் கெய்மன். அது நன்றாக விற்றுக்கொண்டிருந்த நேரம். விற்கிற தொடரை ஆளை மாற்றியாவது இழுப்பதுதான் அங்கே வழக்கம். அப்படிச் செய்யாமல் நிறுத்தினார்கள். நல்ல எடிட்டர் கதையின் பக்கம் நிற்பவர் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

நிலாவெளியிலிருந்து: எடிட்டர் வேலையிலிருந்து நிர்வாகத்தின் மேலிடத்துக்குப் போய்விட்டால் கதையோடு தொடர்பு அறுந்துவிடாதா?

வேலை மாறும், செல்வாக்குக் கூடும். சிறுவர் பத்திரிகைகள் நடத்திய ஜெனெட் கான் 1976இல், 28 வயதில், டி.சி.யின் பதிப்பாளரானார், 1981இல் தலைவர். அவர் காலத்தில்தான் எழுதுபவர்களுக்கும் வரைபவர்களுக்கும் விற்பனையில் பங்கு கொடுக்கும் ஏற்பாடு அங்கே வந்தது. வயிற்றுப்பாட்டுக் கவலை குறைந்தவன் நல்ல கதை எழுதுவான் இல்லையா?

மூதூரிலிருந்து: தமிழில் அப்படி யார் இருக்கிறார்கள், அக்கா?

சிவகாசி எஸ். விஜயன். அவருடைய தந்தை 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். இவர் பதின்ம வயதிலேயே, 1984இல், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். கதைத் தேர்வு, மொழிபெயர்ப்பு, வெளியீடு என்று எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும்.

உப்புவெளியிலிருந்து: தம்பிக்கு 15 வயது. எடிட்டராக ஆசை. எங்கே தொடங்கலாம்?

வரைகிற ஒரு நண்பனையும் எழுதுகிற ஒருவனையும் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு ஏ4 தாளை மடித்தால் 8 பக்கம். திகதி குறித்து, அந்தத் திகதிக்கு முடிக்கவைத்து, போட்டோகொப்பி எடுத்து வகுப்பில் கொடுக்கட்டும். எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் கண்ணை எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடுத்த புத்தகத்தில் அந்த இடத்தைத் திருத்தினால் அவன் எடிட்டர்தான்.