எந்தத் தொகுப்பைப் பாடமாக வைப்பது?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வாதக் கட்டுரை எழுதக் கற்பிக்கிறேன். அடுத்த பருவத்துக்காக இரண்டு தொகுப்புகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் புகழ்பெற்ற அறுபது கட்டுரைகளிலிருந்து எடுத்த பகுதிகள் உள்ளன. மற்றொன்றில் பன்னிரண்டு கட்டுரைகளே. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரெதிரான இரண்டு முழுக் கட்டுரைகள். துறையில் பலரும் பெரியதையே விரும்புகிறார்கள். தங்கள் கருத்து என்ன?

தமிழாசிரியை, சேலம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

சிறியதையே வையுங்கள். ஒரு கட்டுரையைப் பகுதியாக வெட்டும்போது முதலில் உதிர்வது, எழுதியவர் எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொண்டு பின்னர் மறுக்கும் இடம்தான். எஞ்சிய வரிகளை மட்டும் படிக்கும் மாணவர், உரக்கச் சொல்வதே வாதம் என்று எண்ணிக்கொள்வார்.

உங்கள் ஊரில் வழக்கறிஞராக இருந்து, 1917இல் நகராட்சித் தலைவரான ராஜாஜி, முதலமைச்சராக 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாக்கி இரண்டு முறை வகுப்பு நடத்தினால், இருக்கிற ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டே கூடுதல் பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்றார்கள் ஆதரித்தவர்கள். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்பதென்றால் சாதியே அடுத்த தலைமுறைக்கும் பாடமாகும் என்று பெரியாரும் மற்றவர்களும் மறுத்தார்கள்; 'குலக்கல்வி' என்று அவர்கள் இட்ட பெயரே பாதி வாதம். 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. நான் மறுத்தவர்களின் பக்கம் நிற்பவன். ஆயினும் முதல் தரப்பை அதன் முழு வலிமையோடு படித்த பிறகே மாணவர் என் பக்கம் வரவேண்டும் என்று விரும்புகிறேன். ஏனெனில் ஒரு தரப்பு பற்றாக்குறையைப் பற்றியும் மறு தரப்பு விளைவைப் பற்றியும் பேசுகிறது என்பது, இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவருக்கே புலப்படும்.

எந்தத் தொகுப்பை வைத்தாலும், முதல் வாரத்தில் மணிமேகலையின் 29ஆம் காதையிலிருந்து சில அடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதைப் பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்னும் வாதத்தின் ஐந்து உறுப்புகளையும் அது ஒரே எடுத்துக்காட்டில் விளக்குகிறது: இம்மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. மார்கழிக் காலையில் மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று சேர்வராயன் மலையைக் காட்டி, உச்சியில் தெரிவது புகையா பனியா என்று கேளுங்கள். ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவதை, அக்காதையே சித்தாசித்தம் என்னும் ஏதுப்போலியாக, அதாவது காரணம்போலத் தோன்றும் பிழையாக, சுட்டுகிறது. மாணவர் கட்டுரைகளில் நான் மிகுதியும் காணும் பிழை இதுதான்: முடிவு சரியாகவே இருக்கும், காரணம் சோதிக்கப்பட்டிராது.

பன்னிரண்டு போதாது என்று துறையில் சொன்னால், சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கான நிலமெடுப்பை 2019இல் ரத்து செய்த உயர்நீதிமன்றத் தீர்ப்பையும், 2020இல் அதை மாற்றிய உச்சநீதிமன்றத் தீர்ப்பையும் தமிழில் சுருக்கி, பதின்மூன்றாவது பதினான்காவது பாடங்களாக நீங்களே சேர்த்துவிடலாம்.