சாறு முதலில், சாஸ் அப்புறம்

கணவரின் மில் வேலைக்காக ஆறு வருடம் வியட்நாமில், சைகோனை ஒட்டிய பியென் ஹோவாவில் குடியிருந்த கதையைப் போன இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

கேள்வி: மதுரையில் புதிதாகத் திறந்திருக்கும் வியட்நாம் நூடுல்ஸ் கடைக்கு மகன் கூட்டிப்போனான். பெரிய கிண்ணத்தில் தண்ணீர் மாதிரி ஒரு சாறு, உள்ளே வெள்ளை நூடுல்ஸ், கோழி. தனித் தட்டில் பச்சை இலை, முளைப்பயறு, எலுமிச்சை, மிளகாய். எதை எதில் போடுவது என்று தெரியாமல் இலையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். இதற்கு 320 ரூபாயா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, நீங்கள் இலையை வைத்துவிட்டு வந்ததில்தான் எனக்கு வருத்தம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

தண்ணீர் மாதிரி என்கிறீர்கள். சாயங்காலம் தள்ளுவண்டியில் ஆட்டெலும்பு சூப் குடித்து வளர்ந்த மதுரை வாய்க்கு அப்படித்தான் தோன்றும். நமக்கு மிளகு நெற்றியில் வியர்வை வரவைக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்ட அந்த நூடுல்ஸ் சாற்றுக்கு ஃபா என்று பெயர். அது வேறு வழியில் வருவது. எலும்பை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எலும்பைக் கழுவி, மறுபடி புதுத் தண்ணீரில் போடுவார்கள். அதன்பின் தளதளவென்று கொதிக்கவே விடமாட்டார்கள். ஓரத்தில் ஒரு குமிழி, நடுவில் ஒரு குமிழி, அவ்வளவுதான் தீ. மாட்டெலும்பு என்றால் ராத்திரி முழுக்க, கோழி என்றால் மூன்று நாலு மணி நேரம். மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தெளிவு அப்படி வந்தது. வெங்காயமும் இஞ்சியும் நெருப்பில் கருக்கிப் போட்டது. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய் எல்லாம் உண்டு, நம் பிரியாணிச் சாமான்தான்; அரைக்காமல் வாசனையை மட்டும் இறக்குவார்கள்.

எங்கள் சந்து முனையில் ஒரு அம்மா கடை வைத்திருந்தார். தாழ்வான பிளாஸ்டிக் ஸ்டூல், தகர மேஜை, ஒரே ஒரு பெரிய பானை. காலை ஆறு மணிக்குத் திறந்தால் பானை காலியாகும்வரைதான் கடை. முதல் நாள் கிண்ணம் வந்ததும் மேஜையில் இருந்த கருப்பு சாஸ், சிவப்பு சாஸ் இரண்டையும் பிழிந்து கலக்கிவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், சின்னக் கிண்ணத்தில் வெறும் சாறு கொண்டு வந்து என் முன்னால் வைத்து, குடி என்று கையால் காட்டினார். குடித்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, கடை என்பது அந்தப் பானைதான்.

அதனால் நீங்களும் முதலில் இரண்டு கரண்டி சாறு குடியுங்கள், எதுவும் சேர்க்காமல். பிறகு முளைப்பயறை அடியில் அமுக்குங்கள், சூட்டில் பாதி வேகட்டும். இலையைக் கையால் கிள்ளிப் போடுங்கள், மொத்தமாக அல்ல, சாப்பிடச் சாப்பிட. எலுமிச்சை ஒரு பிழி. மிளகாய் உங்கள் இஷ்டம். சாஸைச் சாற்றில் ஊற்றாமல் சின்னத் தட்டில் விட்டு, கறித்துண்டைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தட்டில் ஊதாத் தண்டோடு இருந்த இலையை முகர்ந்து பார்த்தீர்களா? நம் வீட்டுத் தோட்டத்துத் திருநீற்றுப் பச்சிலையும் அதுவும் ஒரே இனம். அதன் விதைதான் நாம் ஊறவைத்துக் குடிக்கும் சப்ஜா. பாட்டி காலத்திலிருந்து நாம் வாசனைக்கு வைத்திருந்ததை அவர்கள் சாற்றில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். இந்த இலைத் தட்டு தெற்கத்தி வழக்கம். ஃபா பிறந்தது வடக்கே, ஹனோய், நாம் தின் பக்கம். 1954-ல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள். கிண்ணமும் கூடவே வந்தது. கீரையும் காயும் கொழிக்கிற தெற்கில் இலைத் தட்டு சேர்ந்துகொண்டது. ஹனோய்க்காரர்கள் இன்றைக்கும் வெங்காயத்தாளோடு நிறுத்திக்கொள்வார்கள்.

320 ரூபாய்க்கு வருகிறேன். எலும்பில் இறங்கிய சாறு குடித்தால் உதடு லேசாக ஒட்டும். ஆட்டுக்கால் பாயா குடித்தால் ஒட்டுமே, அந்த மாதிரி; கோழியில் கொஞ்சம் குறைவாக. கடையில் விற்கும் சூப் கட்டியைக் கரைத்த சாறு ஒட்டாது, நாக்கில் உப்பு மட்டும் நின்று தாகம் எடுக்கும். ஒட்டினால் அந்தக் காசைக் கொடுக்கலாம். ஒட்டாத கடைக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். கறியை எடுத்துவிட்டுத் தரச் சொன்னால் போதுமா?
– வாசகர், மேலூர்

பதில்: போதாது. சாறே எலும்புச் சாறு. அதோடு மீன் சாஸ் இருக்கிறது. நெத்திலியையும் உப்பையும் பெரிய மரத்தொட்டியில் ஒரு வருடம்போல ஊறவைத்து இறக்குவது. உப்புக்குப் பதில் எங்கும் அதுதான், தொட்டுக்கொள்ளும் சாஸிலும் இருக்கும். காய்கறிச் சாறு தனிப் பானையில் வைக்கிறார்களா, மீன் சாஸ் சேர்க்கிறார்களா என்று இரண்டையும் நேரடியாகக் கேளுங்கள். தயங்காதீர்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர்களும் இப்படியே கேட்கலாம்: ஃபா பொ என்றால் மாடு, ஃபா கா என்றால் கோழி. வியட்நாமில் சைவத்துக்குச் 'சாய்' என்று பெயர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே எத்தனையோ பேர் சாய்தான் சாப்பிடுவார்கள். நம் அமாவாசை விரதம் எனக்கு அங்கே அந்நியமாகத் தோன்றவே இல்லை.

கேள்வி: குழந்தைகள் குச்சியோடு விளையாடுகிறார்கள். கரண்டி கேட்கலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: தாராளமாக. வலது கையில் குச்சி, இடது கையில் கரண்டி என்பது வழக்கம். முள்கரண்டி கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: குச்சியைக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி நிறுத்துவது போல இருக்கும்.

கேள்வி: வீட்டில் செய்ய முடியுமா? ஆட்டெலும்பில் செய்யலாமா?
– வாசகி, கே.புதூர்

பதில்: ஆட்டெலும்பு வேண்டாம், அந்த வாசனை அன்னாசிப்பூவை அமுக்கிவிடும். கறிக்கடையில் கோழியின் முதுகெலும்பும் காலும் ஒரு கிலோ கேட்டு வாங்குங்கள். ஒரு கொதி விட்டுக் கழுவி, மூன்று லிட்டர் தண்ணீர். பெரிய வெங்காயம் ஒன்று, விரல் நீள இஞ்சி இரண்டு, இரண்டையும் தோலோடு கேஸ் தீயில் நேரடியாகக் காட்டுங்கள். தோல் கரியாகி, உள்ளிருந்து சாறு சீறும்வரை திருப்பிக்கொண்டே இருங்கள். பிறகு கரியைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். அன்னாசிப்பூ இரண்டு, பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, மல்லி ஒரு ஸ்பூன், வறுத்துத் துணியில் முடிந்து, கடைசி ஒரு மணி நேரம் மட்டும். ஒரு சின்னத் துண்டு கல்கண்டு போடுங்கள். அங்கேயும் கல்கண்டுதான் போடுகிறார்கள். குக்கர் வைத்தால் சாறு கலங்கிவிடும், திறந்த பாத்திரத்தில் மூன்று மணி நேரம் பொறுமையாக இருங்கள். நூடுல்ஸுக்கு அரிசி நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி, அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிநீரில் முக்கி எடுங்கள். இடியாப்பம் போட்டுப் பார்த்தேன், கரைந்து கூழாகிவிட்டது.

கேள்வி: என் தாத்தா சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். அவர் இந்த நூடுல்ஸைச் சாப்பிட்டிருப்பாரா?
– வாசகர், சிங்கம்புணரி

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நகரத்தார் சைகோனுக்குப் போய்த் தொழில் நடத்திய காலத்தில், அவர்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் பெரும்பாலும் நம் ஊர்ச் சமையல்தான். ஃபா தெற்கில் பரவலானதும் 1954-க்குப் பிறகு. தாத்தா அதற்கு முன்பே திரும்பியிருந்தால் வாய்ப்புக் குறைவு. ஆனால் சைகோன் மாரியம்மன் கோயிலுக்கு நிச்சயம் போயிருப்பார். ஊர் நடுவில் இருக்கும் 'பென் தான்' சந்தையிலிருந்து நடக்கிற தூரம். இன்றைக்கும் நின்று விளங்குகிறது. வியட்நாம் பெண்கள் ஊதுபத்தியோடு வந்து சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் அங்கே போவேன். கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு கிண்ணம் ஃபா கா சாப்பிட்டுத்தான் பஸ் ஏறுவேன். தாத்தா எழுதிய பழைய கடிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? கடை எந்தத் தெரு என்று அதில் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.