வேகமான தோட்டா போட்டால் லீட் குறையுமா?

கேள்வி இதுதான்: சுட்டுப் பழகுவதற்காக எறியப்பட்டுப் பறக்கிற களிமண் தட்டை ஷொட்கன்னால் சுடும்போது அதற்கு எவ்வளவு முன்னால் விட்டுச் சுட வேண்டும், விலை கூடிய வேகமான தோட்டா வாங்கினால் அப்படி முன்னால் விடுகிற தூரம், அதாவது லீட், குறையுமா?

குறையும். ஆனால் அதற்காகக் காசு செலவழிக்கும் அளவுக்குக் குறையாது. லீட்டை முடிவு செய்வது முதலில் தூரம், அதோடு தட்டின் வேகமும் அது போகிற கோணமும்.

நான் திருகோணமலைக்காரன். இங்கிலாந்தில் வேலை செய்த காலத்தில் மச்சானோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ற் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகினேன். கிட்டப் போகிற தட்டெல்லாம் உடையும், தூரத்தில் குறுக்கே போகிற தட்டு மட்டும் ஒன்றுகூட உடையாது. அப்போது நானும் உங்களைப் போலத்தான் நினைத்து வேகமான தோட்டா ஒரு பெட்டி வாங்கினேன். அதிலும் உடையவில்லை. பின்னால் நின்று பார்த்த பயிற்சியாளர் சொன்னது ஒன்றே ஒன்று: எல்லாச் சூடும் தட்டுக்குப் பின்னால் போகிறது, இப்போது விடுவதைப் போல இரண்டு மடங்கு முன்னால் விடு.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். சாதாரணத் தோட்டாவில் சன்னங்கள், அதாவது உள்ளே நிறைந்திருக்கும் சின்னக் குண்டுகள், குழலை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகம். ஏழரை நம்பர் சன்னம் 2.4 மில்லிமீற்றர் பருமன்தான், இவ்வளவு சின்னக் குண்டைக் காற்று சும்மா விடாது. 40 மீற்றர் போவதற்குள் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதனால் முதல் 20 மீற்றருக்கு 0.06 செக்கன் எடுத்தால் 40 மீற்றருக்கு 0.12 அல்ல, 0.15 செக்கன் வரை ஆகும். தட்டு மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நேர் குறுக்கே போகிறது என்று வையுங்கள், 20 மீற்றரில் லீட் 1 மீற்றர், 40 மீற்றரில் கிட்டத்தட்ட இரண்டரை மீற்றர். தூரம் இரண்டு மடங்கு, லீட் அதைவிடக் கூட.

சரி, இப்போது வேகமான தோட்டா. 400க்குப் பதில் 430 என்று வைத்தாலும், வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடும், ஆகவே தொடக்கத்தில் இருந்த அந்த முந்துதல் வழியிலேயே கொஞ்சம் கரைந்துவிடும். 40 மீற்றரில் மிஞ்சும் லாபம் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர். தட்டின் குறுக்களவே 11 சென்ரிமீற்றர்தான், சன்னக் கூட்டம் அந்தத் தூரத்தில் 75 சென்ரிமீற்றருக்கும் கூடவே விரிந்து நிற்கும். இரண்டரை மீற்றர் விட வேண்டிய இடத்தில் ஒரு மீற்றர் விடுகிறவரை இந்தப் பத்துச் சென்ரிமீற்றர் காப்பாற்றுமா?

எனக்கு இது சட்டென்று பிடிபட்டதற்கு உப்புவெளிக் கடற்கரைதான் காரணம். சின்ன வயதில் சித்தப்பா வீச்சு வலை போடும்போது பக்கத்தில் நிற்பேன். வலையைத் தோளில் பாதி மடித்துப் போட்டு, ஓரத்து ஈயக்குண்டு ஒன்றைப் பல்லில் கடித்தபடி அசையாமல் நிற்பார். மணலை மீன் கூட்டம் கரையோரமாக ஒரு கருநிழல் போல ஓடி வரும். கிட்ட வந்தால் தலைக்கு ஒரு முழம் முன்னால் எறிவார், தள்ளிப் போனால் ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்), ஒன்றரைப் பாகம் முன்னால். வலை விரிந்து விழுகிற நேரத்துக்குள் மீன் அங்கே வந்திருக்கும். மீனைப் பார்த்து எறிகிறவனுக்கு வெறும் வலைதான்.

அப்புறம் கோணம். மேலே சொன்னதெல்லாம் நேர் குறுக்கே போகிற தட்டுக்கு. உங்கள் பார்வைக் கோட்டிலிருந்து 30 பாகையில் விலகிப் போகிறதென்றால் ஏறத்தாழ பாதி லீட் போதும், நேரே உங்களை விட்டு ஓடுகிறதென்றால் பக்கவாட்டில் லீட்டே வேண்டாம்.

மைதானத்தில் நின்று மீற்றர் அளந்துகொண்டிருக்க முடியாது. தட்டின் பின்னாலிருந்து துப்பாக்கியை ஓட்டிக் கொண்டுவந்து, அதைத் தாண்டியதும் விசையை இழுங்கள், இழுத்த பிறகும் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். இடைவெளி போதுமா என்று குழலைப் பார்த்த கணத்தில் கை நின்றுவிடும், கை நின்றால் லீட் போய்விடும். கண் தட்டில் மட்டும் இருக்கட்டும்.

அடுத்த முறை தூரத் தட்டு தப்பினால் அதே மலிவுத் தோட்டாவோடு, உங்களுக்கு அதிகம் என்று தோன்றுகிற அளவுக்கு முன்னால் விட்டுச் சுடுங்கள். அப்படியும் உடையாவிட்டால் எத்தனை மீற்றர், எந்தக் கோணம் என்று கீழே எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.