மருத்துவப் பயணச் சேவை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிகிச்சைக்காகச் சென்னை வரும் வெளிநாட்டவர் ஊர் திரும்புவதற்குள் ஏஜென்ட், மருத்துவமனையின் சர்வதேசப் பிரிவு, மொழிபெயர்ப்பாளர், விடுதி, டிராவல்ஸ் என ஐந்தாறு பேர் கைக்கு மாறுகிறார். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடிக்காதபோதுதான் சிக்கல் எழுகிறது. இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றியவை.

கீமோதெரபிக்கு வரும் இலங்கை நோயாளிக்கு இ-மெடிக்கல் விசா போதுமா?

இணையம் வழியே எடுக்கும் அந்த மருத்துவ விசா 60 நாள் செல்லும். மூன்று முறை நுழையலாம். உடன் இரண்டு பேர் வரலாம். 21 நாளுக்கு ஒரு சுற்று என்று ஆறு சுற்று மருந்து என்றால், முதல் டோஸிலிருந்து கடைசி டோஸுக்கே 105 நாள் ஆகிவிடும். ஆகவே டாக்டரிடம் சிகிச்சைத் திட்டத்தை எழுத்தில் வாங்கியபின் விசா வகையை முடிவு செய்யுங்கள். நீண்ட சிகிச்சைக்குத் தூதரகம் வழியே வழக்கமான மருத்துவ விசா எடுப்பதே நிம்மதி. மருத்துவமனைக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

கிரீம்ஸ் ரோடு பக்கம் சர்வீஸ் அபார்ட்மென்ட் வைத்திருக்கிறேன். என் பொறுப்பு என்ன?

வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் அவர் விவரத்தைப் பதிய வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். விசா நீட்டிப்புக்கு இந்தப் பதிவையே முகவரிச் சான்றாகக் கேட்பார்கள். பதிவு இல்லாவிட்டால் சிகிச்சை நடுவே நோயாளி அலைய வேண்டிவரும். பதிந்ததும் ஒரு நகலை மருத்துவமனையின் சர்வதேசப் பிரிவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

நோயாளியை அனுப்பும் டாக்டருக்குக் கமிஷன் தரலாமா?

கூடாது. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் அதைத் தடுக்கின்றன. ஏஜென்ட் தன் சேவைக்கு எழுத்து ஒப்பந்தத்தின்படி கட்டணம் பெறலாம். அது பில்லில் சதவீதமாக இல்லாமல் நிலையான தொகையாக இருப்பதே நேர்மை. சதவீதம் என்றால் விலை கூடிய சிகிச்சைப் பக்கம் மனம் சாயும்.

ஏஜென்ட்டே மொழிபெயர்க்கலாமா?

விமான நிலையத்தில், மருந்துக் கடையில் தாராளமாக. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது வேண்டாம்; அவருக்கு அதில் வருமானம் இருக்கிறது. மருத்துவமனை தன் பொறுப்பில் ஒருவரை நியமித்து, அவர் கையெழுத்தையும் படிவத்தில் வாங்க வேண்டும்.

கண் அறுவை முடிந்ததும் ஊட்டி காட்டி, அப்படியே விமானம் ஏற்றும் பேக்கேஜ் போடலாமா?

விழித்திரை அறுவை என்றால் முதலில் கேட்க வேண்டியது, விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு வைத்தார்களா என்பதுதான். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போல் குறைந்திருக்கும். வாயுக் குமிழி விரிந்து, கண்ணழுத்தம் ஏறி, பார்வையே போய்விடலாம். ஊட்டி 7,300 அடிக்கு மேல். காரில் போனாலும் அதே ஆபத்து. குமிழி கரைய, எஸ்எஃப்6 வாயு என்றால் ஏறக்குறைய இரண்டு வாரம், சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சிலிக்கான் எண்ணெய் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. எதுவானாலும் நாள் குறிக்க வேண்டியவர் அறுவை செய்த டாக்டர். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாகவே எடுங்கள்; பணம் திரும்பாத மலிவு டிக்கெட்தான் நோயாளியை அவசரப்படுத்துகிறது. ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் தேவைப்பட்டால் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் முன்கூட்டியே நிரப்பி வாங்குங்கள்.

சிறுநீரக மாற்று: கொடுப்பவர் அண்ணன், இருவருமே வெளிநாட்டவர். எளிதுதானே?

நெருங்கிய உறவானாலும், உறுப்பு மாற்றுக்கு ஒப்புதல் தரும் அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி வேண்டும். உறவை உறுதிசெய்யும் அவர்கள் நாட்டுத் தூதரகச் சான்று, அதாவது படிவம் 21, கைக்கு வராமல் அறுவைத் தேதி பேசாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் தொடர் சிகிச்சை தரும் டாக்டர் நான். சென்னையிலிருந்து என்ன கேட்டு வாங்க வேண்டும்?

மருந்துகள் பிராண்டாக இல்லாமல் மூலப் பெயரிலும் அளவிலும் எழுதப்பட வேண்டும். ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைத்திருந்தால் அதன் விவரம் உள்ள ஸ்டிக்கரையும், அதற்காகத் தரும் இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளில் எதை எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதையும் கேளுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து என்றால் அடுத்த ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் சோதனை) தேதி. புற்றுநோய் என்றால் அறிக்கையோடு திசு பிளாக்கும் (மெழுகில் பதித்துவைத்த திசு மாதிரி). ஸ்கேன் படங்கள் சிடியில். இந்தியாவின் 2020 தொலை மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளிநாட்டு ஆலோசனையை உள்ளடக்கவில்லை. எனவே நோயாளி நேரடியாக வாட்ஸ்அப்பில் மருந்து கேட்பதைவிட, நீங்களும் சென்னை டாக்டரும் பேசி, சீட்டை நீங்கள் எழுதுவதே பாதுகாப்பு. அந்த டாக்டரை நேரடியாகப் பிடிக்கும் எண்ணை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள்.