நான் கீழக்கரை. கணினியில் விமான சிமுலேட்டரில் பறக்க நிஜமான விமான சார்ட்டுகள், அதாவது விமானிகளின் வழிகாட்டி வரைபடங்கள், எங்கே கிடைக்கும்? காசு கட்டித்தான் ஆகவேண்டுமா?

கட்ட வேண்டியதில்லை. இந்திய விமான நிலையங்கள் ஆணையம் வெளியிடும் ஏஐபி என்ற விமானத் தகவல் தொகுப்பு முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. நிஜ விமானிகளுக்கும் அதுதான் அதிகாரபூர்வமான மூலம். ஜெப்பசன் போன்ற சார்ட் நிறுவனங்கள் விலைக்குத் தருவதும் இந்தத் தகவலைத்தான், பார்க்க வசதியாக வரைந்து தருகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் ஸ்கைவெக்டர் என்ற இணையதளத்தைச் சொல்வார்கள். அதில் இருக்கும் அப்ரோச் சார்ட்டுகள் (ஓடுதளத்தை நெருங்கி இறங்கும் வழியைக் காட்டுபவை) அமெரிக்காவுக்கானவை, நமக்கு உதவாது.

நீங்கள் கீழக்கரை என்பதால் மதுரையையே எடுத்துக்கொள்வோம். ஏஐபியில் விமான நிலையங்களுக்கான ஏடி 2 பகுதிக்குப் போய் விஓஎம்டி என்ற மதுரையின் குறியீட்டைத் திறந்தால் மதுரையின் சார்ட்டுகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் இறக்கி வைக்காதீர்கள். ஒரே ஒரு அப்ரோச் சார்ட்டை அச்செடுத்து நிதானமாகப் படியுங்கள். மேலே ரேடியோ அலைவரிசைகள், நடுவில் மேலிருந்து பார்த்த பாதை, அதன் கீழே பக்கவாட்டில் இறங்கும் கோடு, அடியில் எவ்வளவு உயரம் வரை ஓடுதளம் தெரியாமல் இறங்கலாம் என்ற எல்லை. அப்புறம், இறங்க முடியாமல் மறுபடி ஏறினால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற மிஸ்டு அப்ரோச் குறிப்பு. பலரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். நான் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் அந்த நேரத்தில் காகிதத்தைப் புரட்ட அவகாசம் இருக்காது.

மதுரை ஓடுதளம் 09/27, கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும்: மேல்காற்றான கச்சான் வீசினால் மேற்கு நோக்கி 27, கீழ்காற்றான கொண்டல் வீசினால் கிழக்கு நோக்கி 09. நம் கடற்கரைப் பக்கமிருந்து போகிறவருக்கு 27 ஏறக்குறைய முன்னாலேயே கிடைக்கும், 09 என்றால் ஊரைச் சுற்றி மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும்.

உச்சிப்புளியில் இருக்கும் ஐஎன்எஸ் பருந்து கடற்படைத் தளம். மதுரைக்குக் கிடைப்பதுபோல் அதற்கு அப்ரோச் சார்ட் தேடி அலைய வேண்டாம். மண்டபம், பாம்பன் பாலம், தனுஷ்கோடி என்று கரையைப் பார்த்தே அந்தப் பக்கம் பறக்கலாம். ஆனால் தடைசெய்யப்பட்ட வான்பகுதிகள் ஏஐபியின் இஎன்ஆர் 5.1 பகுதியில் இருக்கின்றன. சிமுலேட்டர்தானே என்று விடாமல் அவற்றையும் மதித்துப் பறந்து பழகுங்கள். பாதை போடும் விதமே மாறிவிடும்.

இன்னொன்று தேதி. விமானத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை திருத்தப்படும், அந்தச் சுழற்சிக்கு ஐராக் என்று பெயர். சார்ட் புதியது, சிமுலேட்டரின் தரவு பழையது என்றால் சார்ட்டில் உள்ள வழிப்புள்ளி விமானக் கணினியில் இருக்காது. லிட்டில் நாவ்மேப் என்ற இலவச மென்பொருள் உங்கள் சிமுலேட்டருக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று காட்டிவிடும். சார்ட்டும் தரவும் ஒரே சுழற்சியில் வேண்டும் என்று தோன்றும்போது இரண்டையும் சேர்த்துத் தரும் நேவிகிராஃப் சந்தாவுக்குக் காசு கொடுக்கலாம், அதற்கு முன்பு தேவையில்லை.

மதுரை அப்ரோச் கைவந்ததும் மதுரை–கொழும்பு பறந்து பாருங்கள், சுமார் 190 கடல் மைல். நேர்கோடு போட்டால் மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் கடலைத் தொடும். வழியில் சென்னையின் பொறுப்பில் உள்ள வான்தகவல் பகுதி முடிந்து கொழும்பின் பகுதி தொடங்கும். இலங்கைக்குத் தனி ஏஐபி உண்டு, கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவின் சார்ட்டுகளை அதில் எடுங்கள். கிளம்பும் முன் உயரமானியின் காற்றழுத்த அலகை ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்றிவிடுங்கள், இரண்டு நாட்டிலும் அதுதான் வழக்கம்.