கேம் பெட்டிக்கு நெட்: கேட்டதும் சொன்னதும்

பல்லடம்: ஏனுங்ணா, பழைய பிஎஸ்4 (ப்ளேஸ்டேஷன் 4). போன் ஹாட்ஸ்பாட் அதுல மட்டும் லிஸ்ட்லயே வர மாட்டேங்குதுங்க.

2013ல வந்த முதல் மாடலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுந்தானுங்க தெரியும். உங்க போன் 5ல விடுது. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல பேண்டை 2.4க்கு மாத்துங்க. ஐபோனா இருந்தா ‘மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ ஆன் பண்ணோணும். ஸ்லிம், ப்ரோவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கோபி: ரூட்டர் வீட்டுல, பிஎஸ்5 தோட்டத்துச் சாளையில. நடுவுல 60 மீட்டர். கேட்-5இ வயர் இழுத்தாப் போதுமுங்களா?

தூரத்துக்குப் போதும், 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். பயமெல்லாம் இடிக்குத்தான். ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்புக் கம்பி கிடந்தா, பக்கத்துத் தென்னையில இடி விழுந்தாலே ரெண்டு முனை லேன் போர்ட்டும் போயிரலாமுங்க. ஒற்றை இழை ஃபைபர் இழுத்து, முனைக்கொரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் வெளிச்சத்தை லேன் வயருக்கு மாத்திக் குடுக்கற சின்னப் பெட்டி) வைங்க. அதை ஏ ஒண்ணு, பி ஒண்ணுன்னு ஜோடியாத்தான் வாங்கோணும். ஒண்ணு 1310 நானோமீட்டர்ல அனுப்பி 1550ல வாங்கும், இன்னொண்ணு அப்படியே தலைகீழ். ரெண்டும் ஏவா வந்துட்டா லிங்க் லைட்டே எரியாது. கடையில மாத்திக் குடுத்துருவாங்க, பாத்து வாங்குங்க. கேபிளுக்குள்ள இரும்புக் கம்பி இருக்கக் கூடாது. இருந்தா இடிக்குப் பயந்து செஞ்சதுக்கே அர்த்தமில்லை. மூலையில சுருக்குனு மடக்காதீங்க.

சோமனூர்: பிளான் 300. லேன் வயர்லயும் 100 எம்பிபிஎஸ் தாண்டலீங்க.

ரூட்டர் போர்ட் கிகாபிட்டான்னு (1000 எம்பிபிஎஸ்) முதல்ல பாருங்க. அது சரின்னா வயருதான். கிகாபிட்டுக்கு உள்ள இருக்கற நாலு ஜோடியும் வேணும். நீலம், பழுப்பு ஜோடியில ஒண்ணு விட்டுப்போனாலும் கம்முனு 100க்கு இறங்கிக்கும், நெட் ஓடிக்கிட்டேதான் இருக்கும். ரெண்டு முனையும் வெட்டிட்டு, ஒரே கலர் வரிசையில புதுசா பிளக் மாட்டி கிரிம்ப் பண்ணுங்க (அழுத்தி இறுக்குங்க). அலுமினியத்து மேல செம்பு பூசின மலிவு வயர் கிரிம்ப்புலயே ஒடியும். தறி மோட்டாருக்குப் போற கரண்ட் பைப்புக்குள்ள லேன் வயரை விடாதீங்க.

ஈரோடு: பிஎஸ்ல நாட் டைப் 3னு காட்டுது. கூட்டாளிக பேசறது கேக்கறதில்லை.

டைப் 3ன்னா வெளியிலருந்து வர்ற இணைப்பு தடைபடுதுன்னு அர்த்தமுங்க. நெட்காரங்க குடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால சொந்த ரூட்டர் போட்டிருந்தா, அதை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் குடுக்கற மோடு) மாத்துங்க. பெட்டியில யூபிஎன்பி (கேமுக்கு வேணுங்கற வழியைத் தானாத் திறந்து விடற செட்டிங்) ஆன் பண்ணுங்க. பொறவும் 3ன்னா, பெட்டியில வேன் ஐபி (வெளிப்பக்கத்து நெட் முகவரி) பாருங்க. 100.64 முதல் 100.127க்குள்ள இருந்தா, ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்காங்க. போர்ட் ஃபார்வர்டிங்ல (கையால வழி திறந்து விடறது) மெனக்கெட்டு புண்ணியமில்லை, கனெக்ஷன் குடுத்தவங்ககிட்ட உங்களுக்குன்னு தனி பப்ளிக் ஐபி கேளுங்க.

பொள்ளாச்சி: நின்டெண்டோ ஸ்விட்ச் டாக்ல (டிவிக்கு மாட்டற ஸ்டாண்ட்) லேன் ஓட்டையே காணோமுங்க?

ஓஎல்இடி மாடல் டாக்லயும் ஸ்விட்ச் 2லயும் உண்டு. பழசுன்னா டாக்கோட யூஎஸ்பியில லேன் அடாப்டர் மாட்டோணும். எல்லா அடாப்டரும் சேராதுங்க, ஏஎக்ஸ்88179 சிப் போட்டதாக் கேட்டு வாங்குங்க.