ரோம்ல செக்வே டூர் எடுக்கலாமா? ரேட்டைக் கேக்குறதுக்கு முன்னாடி ரூட்டைக் கேளுங்க

மதுரையிலேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "சார், செப்டம்பர் கடைசியில ரோம்ல ரெண்டு நாள் இருக்கோம். நான், மனைவி, 13 வயசுப் பையன் (41 கிலோ இருப்பான்), அப்பாவுக்கு 67. கைடோட ரெண்டு மணி நேர செக்வே டூர்னு ஆன்லைன்ல ஒண்ணு பாத்தோம், நடக்காமலே பழைய ரோமைப் பாத்துடலாம்னு போட்டிருக்கான். எங்கள்ல யாரும் அதுல ஏறினதே இல்ல, நான் பைக் ஓட்டுவேன், அவ்ளோதான். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனாலதான் இந்த யோசனையே வந்துச்சு. புக் பண்ணலாமா?"

சார், அப்பாவோட முழங்காலுக்காகன்னா வேணாம். நிறைய பேரு இப்படித்தான் நெனைக்கிறாங்க, நடக்க வேணாம்ல, வண்டி தானே தூக்கிட்டுப் போகுதுன்னு. ஆனா செக்வேங்கிறது பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு சக்கரம், நடுவுல நிக்க ஒரு தட்டு, முன்னாடி பிடிச்சுக்க ஒரு ஹேண்டில், அவ்ளோதான் அந்த பேட்டரி வண்டி, சீட்டு கிடையாது, ரெண்டு மணி நேரமும் நின்னுக்கிட்டேதான் வரணும், அதுவும் சும்மா நிக்கிறது இல்ல, முழங்காலை லேசா மடக்கி வச்சு ஸ்பிரிங் மாதிரி நிக்கணும், விறைப்பா நின்னா கல்லு ரோட்டு அதிர்வு அப்படியே இடுப்பு வரைக்கும் ஏறும். நம்ம ஊர் டவுன் பஸ்ல புட்போர்டுக்குப் பக்கத்துல நின்னு மேடு பள்ளத்துல வர்ற மாதிரின்னு வச்சுக்கோங்க. முழங்கால் நல்லா இருக்கிறவங்களுக்கே முக்கால் மணி நேரத்துல பாதம் மரத்துப் போகும், புதுசா ஏறுறவங்க பயத்துல ஷூவுக்குள்ள விரலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வருவாங்க, அதான் காரணம்.

பையனும் ஏற முடியாது. வயசு லிமிட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, ஆனா வயசை விட வெயிட்டுதான் இங்க பிரச்சினை. செக்வேக்கு குறைஞ்சது 45 கிலோ வேணும், மேல 117, 118 கிலோ வரைக்கும். 41 தானே, நாலு கிலோ தானேன்னு கெஞ்சிப் பாக்காதீங்க. இந்த வண்டிக்கு பிரேக் லீவரும் இல்ல, ஆக்சிலரேட்டரும் இல்ல. உள்ளங்கையில தொடப்பத்தை நிறுத்தி விளையாடியிருப்பீங்கல்ல, அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினாத்தான் விழாம நிக்கும். செக்வேல தொடப்பம் நீங்க, கை அந்த வண்டி. உள்ள இருக்கிற கைரோ சென்சாரெல்லாம் நீங்க எவ்ளோ சாயுறீங்கன்னு ஒரு செகண்டுக்கு சுமார் நூறு தடவை பாத்துக்கிட்டே இருக்கும், நீங்க முன்னாடி சாஞ்சா சக்கரமும் முன்னாடி ஓடி உங்களைப் பிடிக்கும், பின்னாடி சாஞ்சா ஸ்லோ ஆகி நிக்கும். அப்போ வண்டியை நிறுத்துறதே உங்க உடம்பு வெயிட்டுதான். வெயிட்டு கம்மியா இருக்கிற பையன் இறக்கத்துல எவ்ளோ பின்னாடி சாஞ்சாலும் கிட்டத்தட்ட 47 கிலோ இருக்கிற அந்த மெஷின் சரியான நேரத்துக்கு நிக்காமப் போகலாம். அதனால ஏஜென்ட் யாராவது "அதெல்லாம் பாக்க மாட்டாங்க சார், ஏத்திடலாம்"னு சொன்னா அந்த ஏஜென்ட்டையே விட்டுடுங்க.

ஆக நாலு பேர்ல நீங்களும் உங்க வீட்டம்மாவும்தான் மிச்சம். கர்ப்பமா இருந்தாலோ சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருந்தாலோ அதுவும் கிடையாது. ரெண்டு பேருக்கு மட்டும் எடுக்கலாமான்னா, எடுக்கலாம், ஜாலியாத்தான் இருக்கும், ஆனா எந்த ரூட்டுன்னு தெரியாம எடுக்கக் கூடாது. நம்ம ஆளுங்க எல்லாரும் ரேட்டைத்தான் முதல்ல கேக்குறாங்க, ரூட்டைக் கேக்குறவங்க பத்துல ஒருத்தர் இருந்தா அதிகம்.

ரோம்ல ரெண்டு விதமா கூட்டிட்டுப் போவாங்க. ஒண்ணு ட்ரெவி நீரூற்று, பாந்தியன்ங்கிற பழைய ரோமானியக் கோயில், நவோனா சதுக்கம் பக்கம். இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பத்து பதினஞ்சு நிமிஷ நடை, சந்துக்குள்ள சந்து, எந்நேரமும் தீபாவளிக்கு முந்தின வாரத்து ரங்கநாதன் தெரு மாதிரி கூட்டம். அங்க செக்வேல போனா பாதி நேரம் ஆளுங்க முதுகுக்குப் பின்னாடி "ஸ்கூசி, ஸ்கூசி"ன்னு (மன்னிக்கணும், வழி விடுங்கன்னு) சொல்லிக்கிட்டு நிக்கணும், முறைப்பும் வாங்கணும். போதாததுக்கு தரையெல்லாம் சம்பியெத்ரினி, எரிமலைக் கல்லை கை அகலத்துக்கு வெட்டி அடுக்கினது, பாக்க அழகு, சக்கரத்துக்கு எதிரி, மழை பெஞ்சா எண்ணெய் ஊத்தின மாதிரி வழுக்கும். இந்த ஏரியாவை காலாற நடந்து பாருங்க, காலையில ஏழு மணிக்குப் போனா ட்ரெவி முன்னாடி நிம்மதியா நிக்கவாவது இடம் கிடைக்கும்.

இன்னொரு ரூட்டு கொலோசியம், ஃபோரி இம்பீரியாலி ரோடு, சிர்கோ மாஸ்ஸிமோ, அப்புறம் அவென்டைன் குன்று. குடுக்கிற காசுக்கு இதுதான் சரி. ஃபோரி இம்பீரியாலி ரோடு 1932-ல முசோலினி தன்னோட ராணுவ ஊர்வலத்துக்காக பழைய மன்றங்களுக்கு (ரோமப் பேரரசர்கள் கட்டின பொதுச் சதுக்கங்களுக்கு) நடுவுலயே போட்டது, தொல்லியல்காரங்க இன்னிக்கும் திட்டுவாங்க, ஆனா 2013-லேர்ந்து கொலோசியம் பக்கத்துப் பகுதியில தனியார் கார் கிடையாது, நடைபாதையும் அகலம், புதுசா ஓட்டுறவங்களுக்கு பயம் தெளியிற இடம். வெனிஸ் சதுக்கம் பக்கம் மட்டும் மெட்ரோ சி லைன் தோண்டிக்கிட்டு இருக்காங்க, தடுப்பும் தகரமுமா இருக்கும், அங்க கைடு இறங்கித் தள்ளச் சொன்னா தள்ளுங்க. இந்த ரோட்டுல போறப்ப டிராஜன் தூணை விட்டுடாதீங்க, கி.பி. 113, தூணைச் சுத்திச் சுத்தி ஒரு போர்க்கதையையே செதுக்கி வச்சிருக்காங்க.

அப்புறம் சிர்கோ மாஸ்ஸிமோ, தேர்ப்பந்தயம் விட்ட மைதானம், சுமார் 620 மீட்டர் நீளம். போட்டோல பாத்தா ஒண்ணுமே இல்லாத புல்வெளி, நடந்து போனா "இதுக்கா இவ்ளோ தூரம்"னு அலுப்பு வரும். செக்வேல அதோட ஓரமா ஒரு சுத்து போய்ப் பாருங்க, அப்பத்தான் அந்த இடத்தோட சைஸ் உடம்புக்குத் தெரியும், வளைவுல தேரு எப்படித் திரும்பியிருக்கும்னு நாமளே யோசிக்க ஆரம்பிச்சுடுவோம்.

அங்கேர்ந்து அவென்டைன் மேல ஏறணும், நடந்து ஏறினா செப்டம்பர்லயும் மூச்சு வாங்கும், இந்த வண்டி பேசாம ஏறிடும். வழியில ரோஜாத் தோட்டம் ஒண்ணு இருக்கு, ஒரு காலத்துல யூதர்களோட இடுகாடா இருந்த நிலம், அதை மறக்கக் கூடாதுன்னு பாதைகளையே அவங்க ஏழு கிளை விளக்கோட வடிவத்துல போட்டிருக்காங்க. மேல ஆரஞ்சு தோட்டம், அந்தச் சுவர் ஓரத்துல நின்னா டைபர் ஆறும் தூரத்துல வாடிகன்ல இருக்கிற செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சோட கோபுரமும் தெரியும். அதைத் தாண்டினா மால்டா வீரர்கள் சபைங்கிற பழைய கத்தோலிக்க அமைப்போட கதவு, பிரானேசின்னு ஒரு கலைஞர் 1760-கள்ல கட்டின சதுக்கத்துல இருக்கு, அந்தக் கதவோட சாவித் துவாரத்துல கண்ணை வச்சா வெட்டிவிட்ட செடி வரிசைக்கு நடுவுல அதே செயின்ட் பீட்டர்ஸ் கோபுரம் பொம்மை மாதிரி நிக்கும். ஒரு ஓட்டையைப் பாக்க இருபது பேரு க்யூவான்னு நானும் முதல் தடவை சிரிச்சேன், அப்புறம் ரெண்டாவது தடவையும் போய் க்யூல நின்னேன்.

இப்போ ஓட்டுற விஷயம். பைக் ஓட்டுவேன்னு சொன்னீங்கல்ல, மறந்துடுங்க, பைக் ஓட்டுறவங்கதான் முதல் பத்து நிமிஷம் ரொம்பத் தடுமாறுவாங்க, கை தானா ஹேண்டில்பார்ல ஆக்சிலரேட்டரைத் தேடும். மெஷின் ஆன் ஆகி பேலன்ஸ் ஆகிடுச்சு, ஏறுன்னு கைடு சொல்ற வரைக்கும் கால் வைக்காதீங்க. 2003-ல அப்போ அமெரிக்க அதிபரா இருந்த ஜார்ஜ் புஷ் ஆன் பண்ணாத செக்வேல ஏறித்தான் தடுக்கி குதிச்சார், அந்த போட்டோ உலகம் பூரா வந்துச்சு. ஒரு காலை வச்சு, நிதானமா இன்னொரு காலை வைங்க, பார்வை தூரத்துல இருக்கணும், காலைக் குனிஞ்சு பாத்தா உடம்பு முன்னாடி சாயும், வண்டி கிளம்பிடும், நீங்க பயந்து இன்னும் குனிவீங்க, அது இன்னும் வேகமாப் போகும். வேகம் லிமிட்டைத் தொட்டா ஹேண்டில் தானா பின்னாடி வந்து உங்களைத் தள்ளும், அதோட மல்லுக்கட்டாதீங்க, தள்ளினா நிமிந்து நில்லுங்க. முழு வேகம் 20 கிலோமீட்டர் வரைக்கும் போகும், புது ஆளுங்களுக்கு பத்துல பூட்டி வைக்கிற செட்டிங் உண்டு, அதைப் போட்டுக் குடுங்கன்னு வெக்கப்படாமக் கேளுங்க. இறங்குறப்ப பின்பக்கமா ஒவ்வொரு காலா, ரெண்டு காலும் தரையில நிக்கிற வரைக்கும் ஹேண்டிலை விடாதீங்க, விட்டா அது பாட்டுக்குப் போய் யார் கணுக்கால்லயாவது முட்டும்.

முக்காவாசி பேரு விழுறது வேகத்துல இல்ல, ஓரக்கல்லுல. ரெண்டு சக்கரமும் பக்கவாட்டுல உங்க பாதத்தை விட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், நாம சந்துல நம்ம உடம்பு அகலத்தை மட்டும் கணக்குப் பண்ணிப் போவோம், ஒரு சக்கரம் கல்லுல மாட்டி நிக்கும், இன்னொண்ணு ஓடும், வண்டி பம்பரமாத் திரும்பி ஆளைக் கீழ போட்டுடும். நானே அப்படித்தான் விழுந்தேன், ஒரு கம்பெனிக்காரன் பயிற்சின்னு மூணே நிமிஷம் குடுத்துட்டு கிளப்பிட்டான், நான் ஒரு கையில போனை வச்சு வீடியோ எடுத்துக்கிட்டே திரும்பினேன், முழங்கை தோல் போச்சு, போன் ஸ்கிரீனும் போச்சு, பத்து நாளைக்கு சட்டை மாட்டவே கஷ்டம். அதனால புக் பண்றப்பவே பயிற்சி எவ்ளோ நேரம்னு கேளுங்க, கால் மணி நேரத்துக்குக் குறைவா சொன்னா வேற ஆளைப் பாருங்க. ஒரு கைடுக்கு எத்தனை பேருன்னும் கேளுங்க, எட்டுக்கு மேல போனா கடைசியில வர்றவங்களை யாரும் கவனிக்கிறதில்ல.

உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, சேலை வேணாம், சுடிதார்னா துப்பட்டாவை ரூம்லயே வச்சுட்டு வரட்டும், காத்துல பறந்து சக்கரத்துப் பக்கம் போற துணி எவ்ளோ ஆபத்துன்னு நம்ம ஊர்ல டூவீலர்ல பாத்திருக்கோம்ல. தட்டையான ஷூ. ஹெல்மெட்டுக்குள்ள கட்டிக்க ஒரு காட்டன் கர்சீப், அதுக்கு முன்னாடி எத்தனை தலை அந்த ஹெல்மெட்டுல வேர்த்துச்சோ.

வண்டி பழசா புதுசான்னும் ஒரு பார்வை பாருங்க. 2001-ல இதைக் கண்டுபிடிச்ச டீன் கேமன் அறிமுகம் பண்ணப்போ நகரங்களோட தலையெழுத்தே மாறும்னு பேசினாங்க, கடைசியில டூர் கம்பெனியும் மால் செக்யூரிட்டியும் போலீஸும்தான் வாங்கினாங்க, 2020 ஜூலையோட அந்த ஒரிஜினல் மாடல் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. அப்போ இன்னிக்கு அந்தப் பேர்ல ரோட்டுல ஓடுறது ஒண்ணு அஞ்சாறு வருஷத்துக்கு மேல ஆன வண்டி, இல்லேன்னா அதே மாதிரி வேற வண்டி. டயர் வழவழன்னு இருந்தாலோ ஹேண்டில் லொடலொடன்னு ஆடினாலோ வேற வண்டி கேளுங்க, சங்கடப்படாதீங்க.

டிராவல் இன்சூரன்ஸ்ல மோட்டார் வண்டி, சாகச விளையாட்டு இதெல்லாம் விலக்குன்னு பல பாலிசியில போட்டிருப்பாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு மெயில் போட்டு செக்வேக்கு கவர் உண்டான்னு பதில் வாங்கி வச்சுக்கோங்க. அங்க போனதும் ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்க, வண்டி சேதமானா நீங்க எவ்ளோ கட்டணும்னு அதுல ஒரு வரி இருக்கும், அதை மட்டுமாவது படிங்க. ரூலும் நகரத்துக்கு நகரம் மாறுது, செக் நாட்டுத் தலைநகர் பிராக்ல 2016-லயே பழைய நகரத்துக்குள்ள செக்வே வரக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, அதனால இதே ட்ரிப்புல பிராக்கும் இருந்தா அங்க பழைய யூடியூப் வீடியோவைப் பாத்து பிளான் பண்ணிடாதீங்க.

இன்னொரு குழப்பம், செக்வே டூர்ல கொலோசியத்தை வெளியிலேர்ந்துதான் பாப்பீங்க. உள்ள போற டிக்கெட் தனி, 2023 அக்டோபர்லேர்ந்து பேரு போட்டுத்தான் குடுக்குறாங்க, நாலு பேர் பேரும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே போடுங்க, இனிஷியல் விஷயத்துல நம்மாளுங்க மாட்டிக்கிறது ஜாஸ்தி.

உங்க எடத்துல நான் இருந்தா இப்படிப் பண்ணுவேன். நாலு பேரும் சேந்து ஒரு கோல்ஃப் கார்ட் டூர், அது உக்காந்துக்கிட்டே போற பேட்டரி வண்டி, அவென்டைன் பக்கமும் போகும், அப்பாவுக்கு அதான் சரி, பையனுக்கும் ஓரமா உக்காந்தா செக்வேக்குக் குறையில்லாத குஷி. செக்வே ஆசை விடலைன்னா ரெண்டாவது நாள் காலையில எட்டரை மணி ஸ்லாட்ல நீங்க ரெண்டு பேரு மட்டும் போங்க, கூட்டமும் வெயிலும் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிடும். தாத்தாவையும் பேரனையும் டாக்சியில ஆரஞ்சு தோட்டத்துல விட்டுடுங்க, நீங்க குன்று ஏறி வர்றப்ப அவங்க கை காட்டுவாங்க. தண்ணி பாட்டில் ஒண்ணு காலியா குடுத்து விடுங்க, ரோம் தெருவெல்லாம் நசோனின்னு இரும்புக் குழாய் இருக்கு, 1870-கள்லேர்ந்து ஓடுது, நல்ல குடிதண்ணி, காசு கிடையாது. குழாய் மூக்கை விரலால அடைச்சா மேல இருக்கிற சின்ன ஓட்டை வழியா தண்ணி பீச்சும், வாயை வச்சுக் குடிக்கலாம், பையன்கிட்ட சொல்லிடுங்க, தாத்தா சட்டையை நனைக்காம இருக்க மாட்டான்.